திக்னஸ் பிளானரில் டிஜிட்டல் கேஜ் மாட்டலாமா, கையில் ஒரு வெர்னியர் போதுமா?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், விளாங்குடியில் உள்ள எங்கள் பட்டறையில், மரத்தை ஒரே கனத்துக்குச் சீவித் தரும் திக்னஸ் பிளானரில் 22 ஜன்னல் கதவுகளுக்குத் தேக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தோம். 14 கதவுகளுக்கு உண்டானதை வியாழக்கிழமையே முடித்துவிட்டோம். மீதி 8 கதவுக்கான மரம் வந்து சேரத் திங்கட்கிழமை ஆகிவிட்டது. அதே மெஷின், அதே பிளேடு, ஸ்கேலில் முள்ளும் அதே 35-இல். கழுந்தும் துளையும் போட்டு, வியாழக்கிழமைக் கதவு ஒன்றையும் திங்கட்கிழமைக் கதவு ஒன்றையும் ஜோடியாக நிறுத்தினோம். எங்கள் மேஸ்திரி மாமா இரண்டும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். நகம் தட்டி நின்றது. “மாப்ள, அரை மில்லிக்கு மேல நிக்கிதுய்யா” என்றார். இரண்டு தாடைக்கு நடுவே பிடித்துக் கனம் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஒன்று 35.1, இன்னொன்று 34.4.

8 கதவுகளையும் அவற்றுக்குள்ளேயே ஜோடி போட்டு 4 ஜன்னலுக்கு ஒதுக்கியதால் மரம் வீணாகவில்லை. அரை நாள் மட்டும் போனது. ஆனால் மனசு ஆறவில்லை. முள்ளை 35-க்கு நேராக வைத்தது உண்மைதான். அந்த ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. முள்ளின் கனமே அரை மில்லி. நிமிர்ந்து நின்று பார்த்தால் ஓர் அளவு, குனிந்து பார்த்தால் இன்னோர் அளவு. வியாழக்கிழமை செட் பண்ணியது நான். திங்கட்கிழமை செட் பண்ணிய தம்பி என்னைவிட அரை அடி உயரம்.

அதற்குப் பிறகுதான், மரத்தைத் தாங்கும் டேபிளின் உயரத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் கேஜ் விஷயத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். லேத், மில்லிங் பட்டறைக்காரர்கள் இதை டிஜிட்டல் ரீடவுட், சுருக்கமாக டி.ஆர்.ஓ. என்பார்கள். மரப்பட்டறையில் இன்னும் அவ்வளவாகப் பழகவில்லை. மாட்டியும் பார்த்து, மாட்டாமல் வேறு வழிகளையும் செய்து பார்த்து எனக்குத் தெளிவானது இதுதான்: இன்று இழைத்த கனத்துக்கே இன்னொரு நாள் திரும்பி வரவேண்டிய வேலை உங்களிடம் நிறைய இருந்தால் டிஜிட்டல் கேஜ் தன் காசைச் சம்பாதித்துக் கொடுக்கும். ஒரு வேலைக்கான மரம் முழுவதையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் இழைப்பவர் நீங்கள் என்றால், நல்ல வெர்னியர் ஒன்று போதும்; மிச்சக் காசை இரண்டாவது செட் பிளேடில் போடுங்கள்.

எதை வாங்குவது என்று பேசுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளானரில் மாட்டும் கேஜ் மரத்தைத் தொடுவதே கிடையாது. டேபிள் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. டேபிளுக்கும் பிளேடு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மரத்தின் கனமாக வரும் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுக்க நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன.

டேபிளில் உள்ள அடி ரோலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை மில்லிலிருந்து வந்த சொரசொரப்பான மரம் சிக்காமல் போகட்டும் என்று ரோலரைக் கொஞ்சம் தூக்கி வைப்போம். தூக்கிய அளவுக்கு மரமும் டேபிளைவிட்டு எழும்பும். கேஜ் 35 என்று காட்டும், மரம் அதைவிட மெலிசாக வெளியே வரும். பிளேடு விஷயம் இதற்கு நேர் எதிர். தீட்டிய பிளேடு நாள் போகப் போகத் தேயும். மழுங்கிய முனை மரத்தைச் சீவுவதற்குப் பதில் அமுக்கிக்கொண்டு போகும். டேபிள் இருந்த இடத்திலேயே இருக்க, மரம் சில நூறில் பங்கு மில்லிமீட்டர் கூடுதல் கனத்தில் வரும். அப்புறம் டேபிளின் சாய்வு. 18 அங்குலம், 24 அங்குலம் அகலமுள்ள வார்ப்பிரும்பு மெஷினில் கேஜை ஒரு பக்கம்தான் மாட்ட முடியும். மறுபக்கம் 0.2 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தத் திரைக்கு அது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் கேஜின் குறை என்று நான் சொல்லவில்லை. கேஜ் காட்டும் எண்ணுக்கும் வெர்னியர் காட்டும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு இப்போது ஒரு நல்ல தகவலாகிவிட்டது. பிளேடு மாட்டிய புதிதில் இரண்டும் ஒத்துப்போய், மூன்று வாரத்தில் மரம் 0.1 மி.மீ. தூக்கலாக வர ஆரம்பித்தால், பிளேடைக் கழற்ற நேரமாகிவிட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் மெஷின் முனகும் சத்தத்தையும் மரத்தில் எழும்பும் நாரையும் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிப்போம்.

ஆக, எந்த கேஜ் மாட்டினாலும் கையில் ஒரு வெர்னியர் இல்லாமல் ஆகாது. அதனால் முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் வெர்னியர் 150 மி.மீ. நீளத்தில், 0.01 மி.மீ. வரை காட்டுவதாக எல்லா டூல்ஸ் கடையிலும் கிடைக்கிறது. காட்டுவது 0.01 என்றாலும், நம்பத் தகுந்தது 0.02, 0.03 அளவுக்குத்தான், மரவேலைக்கு அதுவே தாராளம். பிளாஸ்டிக் உடம்பு வேண்டாம், ஸ்டீலாக வாங்குங்கள். பழைய கோடு போட்ட வெர்னியர் 0.02 மி.மீ. வரை படிக்கும், பேட்டரி கேட்காது, கண் நன்றாக இருப்பவருக்கு அதுவும் குறைவில்லை. கடிகார முகம் வைத்த டயல் வெர்னியரை மட்டும் மரப்பட்டறைக்குச் சொல்ல மாட்டேன். அதன் பல்வரிசையில் மரத்தூள் ஏறினால் முள் ஒரு பல் தாண்டி நின்றுவிடும், பிறகு காட்டுவதெல்லாம் தப்பு.

வெர்னியரால் அளக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். மெஷினுக்குள் பலகை நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே ஒரு ரோலர்தான் அதைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் பலகை லேசாகத் தூக்கிக்கொள்ள, நுனியில் மூன்று நான்கு விரல் தூரத்துக்குப் பிளேடு கூடுதலாகக் கடித்துவிடும். வெர்னியரின் தாடையோ 40 மி.மீ. ஆழம்தான். பலகையின் நுனியில் வைத்து அளந்தால் அந்தக் கடிபட்ட இடத்தைத்தான் அளப்பீர்கள். பக்கவாட்டில், நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி அளக்க வேண்டும். தாடையை ஊதிவிட்டு மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு பலகையில் வைத்து லேசாக ஆட்டி, எண் மிகக் குறைவாக வரும் நிலையில் படிக்க வேண்டும். இரண்டு பக்க ஓரத்திலும் அளந்தால் டேபிளின் சாய்வும் சேர்ந்தே தெரிந்துவிடும். அகலப் பலகையின் நடுவை அளக்க வெர்னியர் எட்டாது. அதற்கு வில் மாதிரி வளைந்த சட்டத்தில் டயல் கேஜ் வைத்த திக்னஸ் கேஜ் இருக்கிறது. 3, 4 மி.மீ. கனத்தில் பெட்டி, கைவினை வேலை செய்பவர்களுக்கு அது அவசியம். கதவு ஜன்னல் பட்டறைக்குத் தேவைப்படாது.

இனி மெஷினில் மாட்டுபவை. காசு குறைவானதிலிருந்து வருகிறேன்.

இருக்கிற ஸ்கேலைச் சரிசெய்வது முதல் வழி. கம்பெனி ஒட்டித் தந்த ஸ்கேலை எடுத்துவிட்டு, அரை மில்லி கோடு போட்ட நல்ல ஸ்டீல் ஸ்கேலை அங்கே திருகுங்கள். முள்ளை எடுத்துவிட்டு, மெல்லிய ஸ்டீல் தகட்டில் கூர்மையாக ஒரு முனை செய்து, ஸ்கேலை உரசினாற்போல நிறுத்துங்கள். முனைக்கும் ஸ்கேலுக்கும் இடைவெளி இல்லாவிட்டால் எந்த உயரத்து ஆள் பார்த்தாலும் ஒரே அளவுதான் தெரியும். கால் மில்லிக்குள் நம்பலாம். நிலை வேலை மட்டும் செய்யும் பட்டறைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பேன். நிலைக்காலில் கால் மில்லி கூடினாலும் குறைந்தாலும் கொத்தனார் பூசும்போது காணாமல் போய்விடும்.

இரண்டாவது வழி கைச்சக்கரத்தில் வளையம் போடுவது. இதில் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சக்கரத்தைச் சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, அதற்கு முன்னும் பின்னும் ஒரு துண்டு மரத்தை இழைத்து, கன வித்தியாசத்தைப் பத்தால் வகுங்கள். ஒரு சுற்றுக்கு டேபிள் எவ்வளவு ஏறுகிறது என்பது வந்துவிடும். ஒரு பேச்சுக்கு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 250 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 785 மி.மீ. அதை 40 பங்காகப் பிரித்துக் கோடு போட்டால் ஒரு பங்கு 0.1 மி.மீ. கணக்கு, விளிம்பில் அந்த ஒரு பங்கின் அகலம் கிட்டத்தட்ட 20 மி.மீ. ஒரு மயிரிழைக் கனம் உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு மேல் விரிந்து நிற்கிறது! பேட்டரி கிடையாது, தூசிக்குக் கவலை கிடையாது. அலுமினியப் பட்டையில் கோடு கீறி, மெஷின் உடம்பில் ஓர் அம்புக்குறி வைத்தால் வேலை முடிந்தது.

இதில் குறை என்னவென்றால் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் தளர்ச்சி. இறக்கிக்கொண்டே வந்து ஒரு கோட்டில் நிறுத்தினால் ஒரு கனமும், ஏற்றிக்கொண்டே வந்து அதே கோட்டில் நிறுத்தினால் வேறு கனமும் வரும். டேபிள் ஏறும் வகை மெஷினில் எப்போதும் ஏற்றிக்கொண்டே வந்துதான் அளவில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று இறக்கி, மறுபடி மேலே வாருங்கள். இந்தப் பழக்கம் டிஜிட்டல் கேஜ் மாட்டிய பிறகும் வேண்டும். தளர்ச்சியோடு நிற்கும் டேபிள், மரம் ஏறியதும் கீழே அமர்ந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. வளையம் சுற்றுக்கு உள்ளே நடப்பதை மட்டும் காட்டும். எத்தனையாவது சுற்று என்பதற்கு மறுபடி ஸ்கேலைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மெஷின்களில் இதே யோசனையைச் சக்கரத்துக்கு உள்ளேயே எண்ணிக் காட்டும் கருவியாகச் செய்து வைக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஃபெல்டர் நிறுவனம் 0.1 மி.மீ. வரை காட்டும் கைச்சக்கரத்தைக் கூடுதல் பாகமாக விற்கிறது. அந்த மெஷினே வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. நம் ஊர் மெஷின்களுக்கு அதைத் தேடி அலைவது வீண்.

மூன்றாவதுதான் டிஜிட்டல் ரீடவுட். இதிலும் மூன்று விதம். பிளானருக்கென்றே செய்த கிட் ஒன்று. அமெரிக்காவின் விக்ஸி நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 510 இந்த ரகம். மேசைமேல் வைக்கும் சின்ன பிளானரை நினைத்துச் செய்தது. அந்த மெஷின்களில் டேபிள் அசையாது, கட்டர் தலைதான் ஏறி இறங்கும். நம் வார்ப்பிரும்பு மெஷினில் மாட்ட வேண்டுமென்றால் தாங்கியை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவது ரகம் மில்லிங் மெஷினுக்கு விற்கும் 150 அல்லது 200 மி.மீ. டிஜிட்டல் ஸ்கேல், பட்டை ஓரிடம், திரை வேறிடம், நடுவில் வயர். மூன்றாவது, சாதாரண டிஜிட்டல் வெர்னியர் ஒன்றின் தாடைகளை கிரைண்டரில் வெட்டிவிட்டு, பட்டையை மெஷின் உடம்பிலும் நகரும் பகுதியை டேபிளிலும் பிடிப்பது.

மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே சங்கதிதான். நீளப் பட்டையில் மெல்லிய செம்புக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். நகரும் பெட்டிக்குள்ளும் அதே மாதிரி கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் திறன் நகர நகர மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் திரையில் அளவு வருகிறது. அதனால் இதற்கு எதிரி ஈரம். காய்ந்த மரத்தூளைத் துணியால் துடைத்துவிடலாம். பச்சை மரம் இழைக்கும்போது தெறிக்கும் ஈரத்தூள் பட்டையில் படிந்தால் எண் தாவும். வேம்பு, மா என்று ஈரம் போகாத மரத்தையும் இழைத்துக் கொடுக்கும் பட்டறையாக இருந்தால், பட்டைக்கு மேல் ஒரு தகட்டு மூடி செய்தே ஆக வேண்டும். மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவ் வைத்திருந்தால், வயர் வழியாகத் திரை வைத்த ரகத்தில் மோட்டார் ஓடும்போது எண் துள்ளுவதுண்டு. எர்த்தை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எங்கள் மெஷின் நேரடி த்ரீ பேஸ், அந்தத் தொல்லை வரவில்லை.

நான் எடுத்தது மூன்றாவது வழியை. ஸ்டீல் வெர்னியரில் ஓட்டை போடலாம் என்று ட்ரில்லை வைத்தால் நகராது, கடினப்படுத்திய ஸ்டீல். கிரைண்டரால் வெட்டும்போதும் சூடேறாமல் நீர் தொட்டுத் தொட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டையில் ஒட்டியிருக்கும் கட்டங்கள் பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் சின்ன அலுமினியக் கட்டைகளில் காடி எடுத்து, அதில் பட்டையை அழுத்தித் திருகிவிட்டேன். டேபிள் ஏறும் திசைக்குப் பட்டை இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்துவிட்டதே என்று பயப்படவும் வேண்டாம்: 2 டிகிரி சாய்ந்தால், 100 மி.மீ. நகர்வுக்கு 0.06 மி.மீ. தான் பிழை. நீங்கள் அடிக்கடி இழைக்கும் கனத்துக்கு அருகிலேயே தொடக்கப் புள்ளியை வைத்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தொடக்கப் புள்ளி வைப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பிளேடு பொருத்தி, அடி ரோலரைச் சரிபார்த்து, டேபிளைப் பூட்டிய பிறகு, இரண்டடி நீளத் துண்டு ஒன்றை இரண்டு முகமும் இழைத்து நாலு இடத்தில் அளக்கிறேன். 27.4 வருகிறது என்று வையுங்கள். கிட்டில் இந்த எண்ணை அப்படியே பதியலாம். வெட்டிய வெர்னியரில் பூஜ்யம் மட்டும்தான் பதிய முடியும். அதனால் அங்கே பூஜ்யம் அழுத்தி, டேபிளைச் சரியாக 2.40 ஏற்றி, மறுபடி பூஜ்யம் அழுத்திவிடுகிறேன். அந்த இடம் இனிமேல் 25. திரையில் இறங்கும் பக்கம் 10.00 காட்டினால் மரம் 35. ‘25-ஐக் கூட்டு’ என்று மெஷினில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம். பேட்டரி மாற்றினாலும், பிளேடு மாற்றினாலும், யாராவது தெரியாமல் பூஜ்யத்தை அழுத்திவிட்டாலும் இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னது எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. இப்போது அந்தப் பொத்தானுக்கு மேல் தகட்டில் ஒரு சின்னக் கதவு. பேட்டரியைப் பொறுத்தவரை, விலை குறைந்த வெர்னியர்களில் திரை அணைந்தாலும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சில மாதத்தில் எண்கள் மினுக்க ஆரம்பிக்கும். மினுக்கும் எண்ணை நம்பி ஒரு பலகைகூட இழைக்காதீர்கள்.

அளவு முறை விஷயமும் இருக்கிறது. எங்கள் மேஸ்திரி மாமாவுக்கு அங்குலமும் நூலும்தான். 8 நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் 3.175 மி.மீ. “11 நூல் வை” என்பார். அது 34.93 மி.மீ. திரையை அங்குலத்துக்கு மாற்றினால் 1.375 என்று தசமத்தில் வரும். அது அவருக்கும் உதவாது, தம்பிக்கும் உதவாது. 8-இலிருந்து 16 நூல் வரைக்கும் மில்லிமீட்டர் கணக்கை ஓர் அட்டையில் எழுதி மெஷின் பக்கத்தில் மாட்டினோம். இரண்டு தலைமுறையும் ஒரே மெஷினில் வேலை செய்ய அந்த அட்டை திரையைவிட அதிகம் உதவியது.

இரண்டு தசமம் காட்டுகிறதே என்று அதன் பின்னால் ஓடவும் கூடாது. தேக்கு அதிகம் அசையாத மரம். அதிலேயே, ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறினாலோ இறங்கினாலோ, 35 மி.மீ. கனம் அறுத்த விதத்தைப் பொறுத்து 0.14-இலிருந்து 0.26 மி.மீ. வரை மாறும். சித்திரை வெயிலில் இழைத்ததை ஐப்பசியில் அளந்தால் வேறு எண்தான் வரும். முதல் தசமத்தைச் சரியாகப் பிடியுங்கள்; இரண்டாவது தசமம் டேபிள் நகர்ந்ததா, பூட்டும்போது எண் ஆடியதா என்று பார்க்க மட்டும். எங்கள் டேபிள் பூட்டும்போது 0.05 நகர்கிறது. பூட்டிய பிறகு வரும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்கிறோம்.

சரி, யாருக்கு எது? கதவு, நிலை, ஜன்னல் மட்டும் செய்பவர் என்றால் வெர்னியரும் சரிசெய்த ஸ்கேலும். கூடவே ஓர் ஒழுங்கு: கடைசி ஓட்டத்தை எல்லா மரத்துக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு மில்லி தூக்கலாக இறக்கி அடுக்கி, டேபிளைப் பூட்டி, ஒரே செட்டிங்கில் மொத்தத்தையும் விட்டு எடுங்கள். 35-க்குப் பதில் 34.8 வந்தாலும் எல்லாமே 34.8 ஆக இருக்கும். மாமாவின் நகம் எங்கும் தட்டாது. கூடவே இரண்டு துண்டு அதிகம் விட்டு எடுத்து, தேதி எழுதி மாதிரியாக வையுங்கள். நாளைக்குப் புது மரம் வந்தால் அந்த மாதிரியை வெர்னியரில் அளந்து அதற்குச் செட் பண்ணலாம். திங்கட்கிழமை எங்களைக் காப்பாற்ற இதுவே போதுமாக இருந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பிளைவுட்டோடு மரம் சேர்த்து அலமாரி, சமையலறை வேலை செய்பவர் டிஜிட்டல் ரீடவுட் மாட்டலாம். 18 என்று சொல்லி வாங்கும் ஷீட் அளந்தால் 17-க்கும் 18-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். மேலே மைக்கா ஒட்டினால் மறுபடி கூடும். ஓரத்தில் ஒட்டும் மரப்பட்டையை அந்தக் கனத்துக்குச் சரியாக இறக்க வேண்டும், அடுத்த லோடு ஷீட்டுக்கு அது மாறும். ஒரு நாளைக்கு நாலு செட்டிங் என்று ஓடும் வேலைக்குக் கோட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்க முடியாது.

எல்லோரையும்விட இது உதவுவது கூலிக்கு இழைத்துக் கொடுப்பவர்களுக்கு. மேலூரிலிருந்து ஒருவர் பலா மரத்தை இறக்கி, “அண்ணே, இத ஒன்னேகால் இஞ்ச்சுக்கு எடுத்துக் குடுங்க” என்பார். அவர் வண்டி கிளம்பும் முன் வாடிப்பட்டிக்காரர் வேப்பம்பலகையை முக்கால் அங்குலத்துக்குக் கேட்பார். ஒவ்வொருவருக்கும் துண்டு மரம் விட்டு, அளந்து, மறுபடி செட் பண்ணி என்று போனால் பாதி நேரம் அதிலேயே கரையும். காலையில் ஒரு முறை தொடக்கப் புள்ளி வைத்துவிட்டால் மாலை வரை எண்ணைப் பார்த்தே நிறுத்தலாம்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் இடித்த மரம் வாங்கி வேலை செய்பவர்களுக்கு வேறு சொல்ல வேண்டும். பழைய பர்மா தேக்குக் கதவில் ஒரு பலகை மட்டும் உடைந்திருக்கும். அதற்குப் புதுப் பலகையைப் பழசின் கனத்துக்கு இறக்க வேண்டும். பழைய கதவோ கையால் இழைத்தது, மேலே ஒரு கனம், கீழே ஒரு கனம். வெர்னியரோடு நாலு இடம் அளந்து, மெஷினில் அரை மில்லி தூக்கலாக நிறுத்தி, மீதியை இழைப்புளியால் எடுப்பதுதான் வழி. ரீடவுட் வாங்கும் காசில் ஆணி கண்டுபிடிக்கும் கருவி வாங்குங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆணி ஒரு செட் பிளேடையே பல் போகச் செய்துவிடும்.

எங்கள் பட்டறையில் இரண்டு மெஷின். 13 அங்குல மெஷினில் மாட்டிய கேஜ் எட்டு மாதமாக ஓடுகிறது. கூலி வேலை முழுவதும் அதில்தான். 24 அங்குலப் பெரிய மெஷினில் இன்னும் மாட்டவில்லை. ஒரே அளவில் இரண்டு ரீப்பர்களை டேபிளின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் விட்டு எடுத்து அளந்தபோது 0.15 மி.மீ. வித்தியாசம் வந்தது. வலது பக்கத் தூணுக்கு அடியில் தகடு வைத்துச் சாய்வை எடுத்த பிறகுதான் அதற்குத் திரை. அதுவரை அதில் கைச்சக்கர வளையமும், ஆணியில் தொங்கும் வெர்னியரும்.